தெளிஞ்ச தண்ணி எல்லாம் நல்ல தண்ணி இல்லைங்க!

1/ விருத்தாசலம் செராமிக் பட்டறையில களிமண் கரைச்ச தண்ணி சீக்கிரம் தெளியாது, கவனிச்சிருக்கீங்களா? நுண்ணிய மண் துகள் எல்லாத்துக்கும் நெகட்டிவ் சார்ஜ். ஒன்னை ஒன்னு தள்ளிக்கிட்டே மிதக்கும்.

2/ பாசிட்டிவ் சார்ஜ் உள்ள பாலிமர் கொஞ்சம் சேர்த்தா துகள்கள் ஒட்டி, கனமாகி, அடியில படியும். கழிவுநீர் சுத்திகரிப்புல இது வழக்கமான முறை. முருங்கை விதைப் புரதமும் இதே வேலையைத்தான் செய்யுது.

3/ வயிற்றுப்போக்கோட குழந்தையைத் தூக்கிட்டு வர்றவங்க சொல்றது: "தண்ணி தெளிவாத்தானே இருந்துச்சு டாக்டர்!" மண்ணோட கொஞ்சம் கிருமியும் படியும், மொத்தமும் போகாது. விதைச் சத்து தண்ணியில தங்குறதால, எடுத்து வச்சா கிருமி மறுபடி பெருகும்.

4/ அதனால தெளிய வைக்கிறது முதல் படி மட்டும்தான். அடுத்து தளதளன்னு கொதிக்க வைங்க, இல்லைன்னா குளோரின் போடுங்க. கலங்கல் இல்லாத தண்ணியிலதான் குளோரின் ஒழுங்கா வேலை செய்யும். 'இயற்கை முறை'ன்னு பாதியில நிறுத்திடாதீங்க.