அம்மாவின் தட்டில் என்ன இருக்கிறது?

முதல் தேதி சம்பளம் வருகிறது. ஐந்தாம் தேதிக்குள் வாடகை, மின்சாரம், பள்ளிக்கூடச் செலவு, கடன் தவணை எல்லாம் போய்விடுகின்றன. மீதியில்தான் மளிகை. பிள்ளைகளோ வளர்கிறார்கள். போன வருஷம் இரண்டு தோசை தின்ற பையன் இந்த வருஷம் ஐந்து கேட்கிறான். சம்பளம் அந்த வேகத்தில் வளர்வதில்லை.

பாளையங்கோட்டையிலும் மேலப்பாளையத்திலும் முக்கூடலிலும் இந்தக் கணக்கைப் போடுகிறவள் தாய்தான். துண்டு விழுந்தால் ஈடு கட்டுகிறவளும் அவள்தான். எப்படி ஈடு கட்டுகிறாள்? தன் தட்டைக் குறைத்துக் கொள்கிறாள். அது எந்த நோட்டுப் புத்தகத்திலும் பதிவாவதில்லை.

தாமிரபரணிப் பாசனத்தில் நெல்லுக்குக் குறைவில்லை. கார், பிசானம் என்று இரண்டு பூ விளைகிற வயல்கள். அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் 1986-ல் கொடுத்த அம்பை 16 அரிசி, இட்லிக்கு இன்றும் பேர்போனது. விலை கொடுத்து வாங்க முடியாதவர்களுக்கு ரேஷன் அரிசி இருக்கிறது. 2011 ஜூன் முதல் அதற்கு விலையே இல்லை. அடுப்பு எரியுமா என்ற பழைய பயம் பெரும்பாலான வீடுகளை விட்டுப் போய்விட்டது. இது சின்னக் காரியம் அல்ல.

ஆனால், சோறு மட்டும் உடம்பைத் தேற்றாது. பருப்பு வேண்டும். இங்கேதான் கணக்கு உதைக்கிறது.

ரேஷன் கடையில் ஒரு கார்டுக்கு மாதம் ஒரு கிலோ துவரம்பருப்பு, 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது. கணவன், மனைவி, மாமியார், மூன்று பிள்ளைகள் என்று ஆறு பேர் இருக்கிற வீட்டில் அதை முப்பது நாளுக்குப் பங்கு வைத்தால், ஆளுக்கு ஐந்தரை கிராம் வரும். பெரியவர் ஒருவருக்கு நாள்தோறும் 85 கிராம் பருப்பு, பயறு வேண்டும் என்கிறது ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். மீதியை மளிகைக் கடையில் வாங்க வேண்டும். விலையைக் கேட்டதும் கை பின்வாங்குகிறது. சாம்பார் தண்ணீராகிறது. அந்தத் தண்ணீர்ச் சாம்பாரிலும் அடியில் கிடக்கிற பருப்பு அவருக்கும் பிள்ளைகளுக்கும். மேலே தெளிந்தது அவளுக்கு.

பிள்ளைகளுக்காவது வெளியே ஒரு துணை இருக்கிறது. காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, அன்றைய திருநெல்வேலி மாவட்டத்து எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அது வளர்ந்து, முட்டையோடு சத்துணவாகி, 2022 செப்டம்பரில் காலை உணவும் சேர்ந்தது. கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் அங்கன்வாடியில் சத்துமாவு உண்டு. பிள்ளை வளர்ந்த பிறகு தாய்க்கு என்ன உண்டு? பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, பகல் சோற்றுக்குப் பதில் ஒரு டீ குடித்துவிட்டு வேலையைத் தொடர்கிற பெண்கள் இந்த மாவட்டத்தில் எத்தனை பேர்! டீ பசியை அடக்கும், ரத்தம் ஊறாது. சாப்பிட்ட கையோடு குடித்தால், சோற்றிலும் கீரையிலும் உள்ள இரும்புச் சத்தை உடம்பு ஏற்பதையும் அது குறைத்துவிடும்.

2019-21-ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. இரண்டு பெண்கள் நிற்கும் இடத்தில் ஒருத்தி சோகை பிடித்தவள். அரிசி மலிந்த நாட்டில் இப்படி!

இதற்கு நெல்லை அடுப்படியே ஒரு வழி வைத்திருக்கிறது. அதுதான் உளுந்தம்பருப்புச் சோறு. இரண்டு டம்ளர் அரிசிக்கு ஒரு டம்ளர் உடைத்த கறுப்பு உளுந்து. தோலைக் கழுவித் தள்ளக் கூடாது. சத்தும் மணமும் அதில்தான். பத்துப் பல் பூண்டு, கொஞ்சம் வெந்தயம், சீரகம், ஒரு கை தேங்காய்ப்பூ. எல்லாம் ஒரே பானையில் வேகும். தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல். தனியாகக் குழம்பு வேண்டாம். அந்த எண்ணெயும் காய்ச் செலவும் மிச்சம். பருப்பு சோற்றோடு கலந்து வெந்துவிடுவதால் ஒருவருக்கு அடி, ஒருவருக்குத் தெளிவு என்று பிரித்து ஊற்ற வழியில்லை! கடைசியில் உட்காருகிற தாயின் தட்டிலும் அதே பருப்புதான். கூட ஒரு பிடி முருங்கைக்கீரை வதக்கி, எலுமிச்சை பிழிந்துகொண்டால் இன்னும் நல்லது. சோகை முற்றியவர்களுக்கு இது மட்டும் போதாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் பார்த்து, இரும்புச் சத்து மாத்திரையும் சாப்பிட வேண்டும்.

பெண் பெரியவளானால் உளுந்தங்களி கிண்டி, கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டு ஊட்டுகிறார்கள். எலும்புக்குப் பலம் என்கிறார்கள். பிறகு கல்யாணம் ஆகிறது, பிள்ளைகள் பிறக்கின்றன, களிச்சட்டி பரணுக்குப் போய்விடுகிறது. முப்பத்தைந்து வயதில் அவளுக்கு எலும்பு இல்லையா?

சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் முன்பு உளுத்தம்பருப்பும் கொடுத்தார்கள். பிறகு அது நின்றுபோனது. 2024 மே, ஜூன் மாதங்களில் துவரம்பருப்பும் பாமாயிலுமே தாமதமாக வந்து, ஜனங்கள் கடைக்கும் வீட்டுக்கும் நடந்தார்கள். மாதக் கடைசியில் வருகிற பருப்பு அந்த மாதச் சாம்பாருக்கு உதவாது. பருப்பு முதல் வாரத்திலேயே வர வேண்டும். அதோடு தோல் உளுந்து ஒரு கிலோவும் சேர வேண்டும். அதற்கு வெளிநாட்டுக் கப்பலை எதிர்பார்க்க வேண்டியதில்லை. கோவில்பட்டி, விளாத்திகுளம் கரிசலில் மழையை நம்பி உளுந்தும் பாசிப்பயறும் விதைக்கிற விவசாயிகள் இருக்கிறார்கள். அவர்களும் நல்ல விலைக்குத்தான் காத்திருக்கிறார்கள். கோவில்பட்டியிலிருந்து பாளையங்கோட்டைக்கு லாரி வந்து சேர இரண்டு மணி நேரம் போதும்.