பல்கலைக்கழகத்து ரோபோ யாருக்காக உழைக்கும்?

சாகனிலும் மானேசரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் கார்களின் உடற்பகுதியைப் பற்றவைக்கும் ரோபோக் கரங்களில் பெரும்பாலானவை ஜப்பானிலிருந்தோ ஐரோப்பாவிலிருந்தோ இறக்குமதியானவை. சர்வதேச ரோபோட்டிக்ஸ் கூட்டமைப்பின் கணக்குப்படி, 2023ஆம் ஆண்டில் இந்தியத் தொழிற்சாலைகளில் புதிதாக நிறுவப்பட்ட ரோபோக்கள் 8,510. அதே ஆண்டில் சீனா நிறுவியவை 2,76,000க்கும் அதிகம். அவற்றில் ஏறத்தாழ பாதி சீனாவிலேயே செய்யப்பட்டவை. இந்த இடைவெளியைக் குறைக்க நமது பொதுப் பல்கலைக்கழகங்களில் ரோபோட்டிக்ஸ் ஆய்வு நிறுவனங்கள் வேண்டும் என்பதில் இடதுசாரிகளுக்கு எந்த மாறுபாடும் இல்லை. அவை எந்த வடிவில், யாருடைய கட்டுப்பாட்டில் உருவாக்கப்படுகின்றன என்பதே பிரச்சனை.

2018 டிசம்பரில் ஒன்றிய அமைச்சரவை 3,660 கோடி ரூபாயில் ஒரு தேசிய இயக்கத்திற்கு ஒப்புதல் அளித்தது. கணினியும் எந்திரமும் இணையும் துறைகளுக்காக நாடெங்கும் 25 மையங்களை அமைப்பது அதன் நோக்கம். ரோபோட்டிக்ஸுக்கு இரண்டு முக்கிய மையங்கள் கிடைத்தன. ஒன்று பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ‘ஆர்ட்பார்க்’. மற்றொன்று தில்லி ஐஐடியில் மனிதரும் ரோபோவும் சேர்ந்து வேலை செய்யும் முறைகளை ஆராயும் மையம். ஆர்ட்பார்க்குக்கு ஒன்றிய அரசு 170 கோடி ரூபாயும் கர்நாடக அரசு 60 கோடி ரூபாயும் ஒதுக்கின.

ஆனால் இந்த மையங்கள் பல்கலைக்கழகத் துறைகளாகத் தொடங்கப்படவில்லை. கம்பெனிச் சட்டத்தின் 8ஆவது பிரிவின் கீழ் தனி நிறுவனங்களாகப் பதிவு செய்யப்பட்டன. லாபத்தைப் பங்கிட்டுக்கொள்ள முடியாத நிறுவனங்கள்தாம் என்பது உண்மை. எனினும் கம்பெனி கம்பெனியே. அதன் முடிவுகளை எடுப்பது இயக்குநர் குழு. ஆசிரியர்களும் மாணவர்களும் குரல் எழுப்பக்கூடிய செனட்டோ கல்விக்குழுவோ அல்ல. நிலம் மக்களுடையது, ஆய்வகம் மக்களுடையது, பேராசிரியரின் ஊதியமும் மக்கள் பணம். அங்கே பிறக்கும் கண்டுபிடிப்பு எந்தத் தனியார் நிறுவனத்திற்கு, எந்த விலைக்குப் போகிறது என்பதைக் கேட்கும் இடத்தில் மட்டும் மக்கள் இல்லை. அரசு உதவி முடிந்தபின் மையங்கள் தங்கள் செலவைத் தாங்களே ஈட்டிக்கொள்ள வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் சேர்ந்துகொள்கிறது. பணம் தருபவர் கேட்கும் ஆய்வு நடக்கும். பணம் தர இயலாதவருக்குத் தேவையான ஆய்வு காத்திருக்கும்.

இந்த 25 மையங்களில் மிகப் பெரும்பாலானவை ஐஐடிகளிலும் அதற்கு ஒப்பான நிறுவனங்களிலும் உள்ளன. கல்கத்தா, மும்பை, சென்னை, உஸ்மானியா போன்ற பழம்பெரும் மாநிலப் பல்கலைக்கழகங்கள் எதுவும் பட்டியலில் இல்லை. நாட்டின் மாணவர்களில் மிகப் பெரும் பகுதியினர் படிப்பதோ மாநிலப் பல்கலைக்கழகங்களிலும் அவற்றோடு இணைந்த கல்லூரிகளிலும்தான். தகுதி இல்லாததால் அவை விடுபட்டன என்று எவரும் சொல்ல முடியாது. 1966இல் கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனமும் ஜாதவ்பூர் பல்கலைக்கழகமும் சேர்ந்து டிரான்சிஸ்டர்களைக் கொண்ட ‘இசிஜு’ கணினியை உருவாக்கின. அதே ஜாதவ்பூருக்கு ‘மேன்மைமிகு நிறுவனம்’ என்ற தகுதி நிபுணர் குழு பரிந்துரைத்தும் கிடைக்கவில்லை. செலவில் மாநில அரசின் பங்கு எவ்வளவு என்ற இழுபறியில் அது நின்றுபோனது. 2018இல், ஒரு வகுப்பறைகூடத் திறக்கப்படாத ஜியோ கல்வி நிறுவனத்திற்கு அத்தகுதியை வழங்க மோடி அரசு தயங்கவில்லை.

ஆய்வுக்கு இந்தியா செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம். 2023இல் சட்டமியற்றி அமைத்த தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு ஐந்தாண்டுகளில் 50,000 கோடி ரூபாய் என்றார்கள்; அதில் 36,000 கோடியைத் தொழில் நிறுவனங்கள் உள்ளிட்ட வெளியார் தர வேண்டுமாம். 2025 ஜூலையிலோ தனியார் துறையின் ஆய்வுக்கு நீண்டகால மலிவுக் கடனாக ஒரு லட்சம் கோடி ரூபாய் நிதிக்கு அமைச்சரவை ஒப்புதல் தந்தது. பல்கலைக்கழகம் தனியாரிடம் கையேந்த வேண்டும், தனியாருக்கு அரசு கை கொடுக்கும். இதுதான் இவர்களின் அறிவியல் கொள்கை.

ரோபோ உண்மையில் எங்கே வேண்டும்? 2019 முதல் 2023 வரையிலான ஐந்தாண்டுகளில் பாதாளச் சாக்கடைகளையும் கழிவுநீர்த் தொட்டிகளையும் சுத்தம் செய்யும்போது 377 பேர் இறந்தனர் என்று அரசே நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டது. 2013ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. இறந்தோர் குடும்பத்திற்கு 10 லட்சம் ரூபாய் என்று 2014இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. ஆனாலும் மனிதர்களே குழிக்குள் இறக்கப்படுகிறார்கள். ‘நமஸ்தே’ திட்டத்தில் கணக்கெடுக்கப்பட்ட ஏறத்தாழ 38,000 தொழிலாளர்களில் 92 சதவீதத்தினர் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர். சாதி குறைந்த கூலிக்கு ஆளை இறக்கித் தரும் நாட்டில், எந்தக் கம்பெனிக்கும் இந்த எந்திரத்தைச் செய்யச் சந்தை தானாகக் கட்டளையிடாது.

கேரளத்தில் குட்டிப்புறம் பொறியியல் கல்லூரியில் படித்த இளைஞர்கள் ‘பேண்டிகூட்’ ரோபோவை வடிவமைத்தபோது, இடது ஜனநாயக முன்னணி அரசின் குடிநீர் ஆணையமும் தொழில்முனைவு இயக்கமும் துணைநின்றன. 2018இல் திருவனந்தபுரத்தில் அது பணிக்கு வந்தது. குழிக்குள் இறங்கி வந்த தொழிலாளிக்கே அதை இயக்கும் பயிற்சியும் தரப்பட்டது. இன்று அது ஒரு தனியார் நிறுவனத்தின் தயாரிப்பு. ஒவ்வொரு நகராட்சியும் விலை கொடுத்தே வாங்க வேண்டும். இத்தகைய வடிவமைப்பு ஒரு பொதுப் பல்கலைக்கழகத்தின் உடைமையாக, யாவருக்கும் திறந்ததாக இருந்தால், மாநிலப் பொதுத்துறை ஆலைகளிலேயே செய்து சிறு பேரூராட்சிகளுக்கும் தர முடியும்.

இடதுசாரிகள் எந்திரத்தின் எதிரிகள் என்ற பழைய வசை இப்போதும் வரும். 1960களின் பிற்பகுதியில் கொல்கத்தாவில் எல்ஐசி ஊழியர்கள் கணினியைத் தடுத்து இரவு பகலாகக் காவல் நின்றது உண்மை. அதே காலத்தில், அதே நகரில்தான் இசிஜுவும் உருவானது. வேலையைப் பறிக்க வந்த எந்திரத்தைத்தான் ஊழியர்கள் எதிர்த்தார்கள். எந்திரம் வேறு, மூலதனம் அதைப் பயன்படுத்தும் முறை வேறு என்பதை மார்க்ஸ் ‘மூலதனம்’ முதல் தொகுதியிலேயே பிரித்துக் காட்டியிருக்கிறார்.

அந்தப் பயன்பாட்டு முறை இப்போது மேலும் கொடுமையாகியுள்ளது. பதிவுபெற்ற ஆலைகளின் தொழிலாளர்களில் 100க்கு 40 பேருக்கு மேல் ஒப்பந்தத் தொழிலாளர்கள். ஆட்குறைப்புக்கு இட்டுச்செல்லக்கூடிய புதிய எந்திர முறையைப் புகுத்துமுன் 21 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்பது 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டத்திலேயே இருந்த விதி. புதிய தொழிலுறவுச் சட்டத் தொகுப்பிலும் அது எஞ்சியிருக்கிறது. ஆனால் அரசின் முன் அனுமதி பெற்றே ஆட்குறைப்புச் செய்ய வேண்டிய ஆலைகளின் வரம்பு 100 தொழிலாளர்களிலிருந்து 300 ஆக உயர்த்தப்பட்டு, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. 299 பேர் வேலை செய்யும் ஆலையில் ரோபோ வந்தால் முன்னறிவிப்பு வரும், வேலை போகும்.

எனவே புதிதாக அமையும் ரோபோட்டிக்ஸ் நிறுவனம் எதுவானாலும் அது பல்கலைக்கழகச் சட்டத்திற்கு உட்பட்ட துறையாக, நிரந்தர ஆசிரியர்களுடன், இட ஒதுக்கீட்டுடன் இயங்க வேண்டும். மக்கள் பணத்தில் உருவாகும் வடிவமைப்புகள் பொதுவுடைமையாக இருக்க வேண்டும். அதன் ஆட்சிக்குழுவில் தொழிற்சங்கங்களுக்கும் தூய்மைப் பணியாளர் அமைப்புகளுக்கும் இடம் வேண்டும். ஒன்றிய அரசின் அடுத்த ஒதுக்கீடு மாநிலப் பல்கலைக்கழகங்களிலிருந்து தொடங்கட்டும். அங்கு எடுத்துக்கொள்ளும் முதல் ஆய்வு பாதாளச் சாக்கடையாக இருக்கட்டும்.