குடும்பப் பெயர் வேண்டுமாம்!

தீபத்துக்குச் சில நாள் முன்பு, கிரிவலப் பாதையில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் என்னை மடக்கிக்கொண்டார். அவருடைய பேரன் ஜெர்மனியில் இஞ்சினீயர். அங்கே அவனுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. "குடும்பப் பெயர் என்ன?" என்று பதிவு அலுவலகத்தில் கேட்டிருக்கிறார்கள். அவன் தாத்தாவைக் கேட்டிருக்கிறான். தாத்தா யோசித்து, தம் பாட்டனாரோடு போய்விட்ட சாதிப் பட்டத்தைத் தூசி தட்டி எடுத்துக் கொடுத்துவிட்டார்!

"தம்பி, வெள்ளைக்காரனைப் பார். ஆயிரம் வருஷப் பரம்பரையை ஒரு சொல்லில் வைத்திருக்கிறான். நமக்கு என்ன இருக்கிறது? வெறும் இனிஷியல்!" என்றார்.

வயதுக்கு மரியாதை கொடுத்து அங்கே வாயை மூடிக்கொண்டேன். இங்கே எழுதுகிறேன்.

ஐயா, ஜெர்மன் பெயர் ஒன்று நம் ஊருக்கே வந்திருக்கிறது. 1930களில் ரமணாசிரமத்துக்கு வந்த மாரிஸ் ஃப்ரீட்மன், வார்சாவில் 1901இல் பிறந்த யூதர், மின்சார இஞ்சினீயர். 'ஃப்ரீட' என்றால் ஜெர்மனில் சமாதானம். யூதர்களின் இத்திஷ் மொழியிலும் ஏறக்குறைய அதே சொல்தான். சமாதானக்காரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம்மில் சாந்தமூர்த்தி இல்லையா, அதுபோல.

ஆயிரம் வருஷமா? கிழக்கு ஐரோப்பிய யூதர்களில் பெரும்பாலோருக்குப் 18ஆம் நூற்றாண்டின் கடைசிவரை குடும்பப் பெயரே கிடையாது. இன்னார் மகன் இன்னார், அவ்வளவுதான். நம்மைப்போல! 1787இல் ஆஸ்திரியச் சக்கரவர்த்தி இரண்டாம் ஜோசப், யூதர் ஒவ்வொருவரும் ஜெர்மன் மொழியில் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு போட்டார். வரி வாங்கவும் பட்டாளத்துக்கு ஆள் பிடிக்கவும் சர்க்காருக்குச் சௌகரியம். 1808இல் நெப்போலியன், 1812இல் பிரஷ்யா. வார்சாவைப் பிரஷ்யா ஆண்டபோது அங்கே உத்தியோகம் பார்த்த ஹாஃப்மன் என்ற கதாசிரியர், அன்றன்று வாயில் வந்த சொல்லையெல்லாம் யூதர்களுக்குப் பெயராக எழுதித் தள்ளினார் என்று ஒரு கதை உண்டு. என் தொழில்காரர், நம்பத்தான் ஆசையாக இருக்கிறது.

நல்ல பொருளுள்ள சொல்லை ஊருக்கு ஊர் தனித்தனியே எடுத்துக்கொண்டார்கள். அதனால்தான் வார்சா, வியன்னா, நியூயார்க் எங்கும் ஃப்ரீட்மன்கள் மலிந்தார்கள். தேரடியில் நின்று "அண்ணாமலை!" என்று கூப்பிட்டால் பத்துப் பேர் திரும்புவார்கள். எல்லாரும் பங்காளிகளா?

பெயரால் ஆளைப் பிரிக்கும் புத்தி எங்கே போயிற்று என்றும் பாருங்கள். 1938 ஆகஸ்டில் ஹிட்லர் சர்க்கார், தன் பட்டியலில் உள்ள யூதப் பெயர் இல்லாத யூத ஆண்கள் 'இஸ்ரேல்' என்றும் பெண்கள் 'சாரா' என்றும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றது. பெயரைக் கேட்டதும் பிறப்பு தெரிய வேண்டும்! இரண்டும் ஒரே கொடுமை என்று சொல்ல மாட்டேன். ஆனால் சாதிப் பட்டத்துக்கும் வேறு என்ன வேலை?

1929 பிப்ரவரியில் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு அந்தப் பட்டங்களை விடச் சொன்னது. பிறகுதான் மெள்ள மெள்ள, பெயருக்குப் பின்னால் வால் வைத்துக்கொள்ள இங்கே கூச்சம் வந்தது. சாதி ஒழிந்ததா? இல்லை, எனக்கும் தெரியும். முகம் தெரியாதவனிடம் பெயர் சொல்லும்போதே சாதியையும் சொல்லும் வழக்கமாவது போயிற்று. ஒரு பாரத்தில் ஒரு கட்டம் காலியாக இருக்கிறதென்று அதையும் திருப்பிக் கொடுப்பதா?

கட்டம் உபத்திரவந்தான். ஒற்றைப் பெயர்க்காரனுக்கு அமெரிக்க விசாவில் 'முதற்பெயர் தெரியாது' என்று பொருள்படும் மூன்று எழுத்தைப் போடுகிறார்கள். எத்தனையோ தமிழர்கள் அப்பா பெயரை எழுதிச் சமாளிக்கவில்லையா?

1896இல் ஒரு பையன் இந்த ஊருக்கு வந்து பேசாமல் உட்கார்ந்தான். ஓர் அன்பர் விடாமல் கேட்கவே, எழுதிக் காட்டினான்: வெங்கடராமன், திருச்சுழி. பெயரும் ஊரும், தீர்ந்தது. ரமணர் என்பது 1907இல் கணபதி முனி வைத்தது. ஃப்ரீட்மனும் சந்நியாசம் வாங்கிப் பாரதானந்தர் ஆனார். 1976இல் பம்பாயில் காலமானார்.

கொள்ளுப்பேத்திக்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்று அன்று கேட்க மறந்துவிட்டேன். தலைமையாசிரியரும் சொல்லவில்லை. பட்டத்தை மட்டும் இரண்டு தரம் சொன்னார்.