ரெயில் பாதையைக் காப்பாற்றியது யார்?

நாயும் மனு கொடுத்த அதிசயம்!

கண்ணைப் பறிக்கும் நிறத்தில் கோட்டு. கையில் ஒரு பழைய புத்தகம். அவர் ரெயிலில் ஏறுகிறார். வழியில் இறங்கி, ஊர் மக்களோடு பேசுகிறார். மறுபடியும் ரெயில் ஏறுகிறார்.

இங்கிலாந்தின் பி.பி.சி. டெலிவிஷனில் 2010-ம் ஆண்டு தொடங்கிய ரெயில் பயணத் தொடரில் வருபவர் இவர். பெயர், மைக்கேல் போர்ட்டில்லோ. அந்தப் புத்தகம், 19-ம் நூற்றாண்டில் பிராட்ஷா என்பவரின் பெயரில் வந்த ரெயில் வழிகாட்டி. பின்னர் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இவர் ரெயிலில் சுற்றினார். 2018-ல் வெளியான தொடரில் இந்தியாவுக்கும் வந்தார்.

இவர் ஒரு முன்னாள் மந்திரி! 1988 முதல் 1990 வரை போக்குவரத்துத் துறையில் ராஜாங்க மந்திரியாக இருந்தார். அப்போது ஒரு ரெயில் பாதையை மூடுவதா, வேண்டாமா என்ற கேள்வி இவர் முன் வந்தது.

24 வளைவுப் பாலம்

வட இங்கிலாந்தில் செட்டில் என்ற ஊரையும் கார்லைல் என்ற ஊரையும் இணைப்பது அந்தப் பாதை. நீளம் 72 மைல். 1876-ல் பயணிகள் ரெயில் ஓடத் தொடங்கியது. வழியில் ரிப்பிள்ஹெட் என்ற இடத்தில் 24 வளைவுகள் கொண்ட பெரிய கல் பாலம் இருக்கிறது.

"பாலம் பழுதாகி விட்டது. செலவு அதிகம். பயணிகளும் குறைவு. பாதையை மூடலாம்" என்பது ரெயில்வே சொன்ன காரணம்.

பயணிகள் ஏன் குறைந்தார்கள்? வழியில் இருந்த பெரும்பாலான ஸ்டேஷன்கள் 1970-லேயே மூடப்பட்டு விட்டன. ரெயில்களும் குறைக்கப்பட்டன. ஏற இடம் இல்லாதபோது கூட்டம் எப்படி வரும்?

மக்கள் எழுந்தனர்

மக்கள் சும்மா இருக்கவில்லை. 22 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஆட்சேப மனு அனுப்பினார்கள். ஒரு மனுவில் நாயின் பாதம் பதிந்திருந்தது! டிக்கெட் வாங்கிப் பயணம் செய்த நாய் என்பதால், அந்த மனுவும் ஏற்கப்பட்டது.

மனு கொடுத்ததோடு நிற்கவில்லை, ரெயிலிலும் ஏறினார்கள். 1986-ல் சில ஸ்டேஷன்கள் மீண்டும் திறக்கப்பட்டன. 1983-ல் சுமார் 93 ஆயிரமாக இருந்த ஆண்டுப் பயணம், 1989-ல் சுமார் 4½ லட்சம் ஆயிற்று. பாலத்தில் ஒரு வளைவைச் சோதனையாகப் பழுது பார்த்தபோது, செலவும் முதலில் பயந்த அளவுக்கு இல்லை என்று தெரிந்தது.

1989 ஏப்ரலில், பாதையை மூடுவது இல்லை என்று அரசு அறிவித்தது.

யாருக்குப் பெருமை?

போர்ட்டில்லோ பின்னர் ராணுவ மந்திரி ஆனார். 1997 தேர்தலில் தோற்றார். ஆனால், தாம் செய்ததிலேயே பெரிய காரியம் இந்தப் பாதையைக் காப்பாற்றியதுதான் என்று அவர் சொல்லி இருக்கிறார்.

அவருக்கு அதில் பங்கு உண்டு. ஆனாலும், மந்திரியின் முடிவுக்குப் பலம் கொடுத்தது மக்கள் வாங்கிய டிக்கெட்!

டெலிவிஷனில் ரெயிலைப் பார்ப்பது இன்பம்தான். ஆனால் பார்ப்பதால் மட்டும் பாதை பிழைக்காது. ஏறிப் பயணம் செய்தால்தான் பிழைக்கும்.