‘வேலை தேடுகிறேன்’ எண்டு மட்டும் எழுதினால் ஆர் வருவினம்?

படம் ஒன்றைப் பற்றிக் கதைக்கத்தான் அந்தச் சனிக்கிழமை பின்னேரம் கூடினோம். ஒன்பது பேர், ஒரு பிளாஸ்க் தேத்தண்ணி, ஒரு பை மிக்சர். கதையைத் தொடங்க முன்னமே எங்களில் ஒருத்தி போனை எடுத்து நீட்டினாள். ‘இம்முறை தங்களைத் தெரிவு செய்ய முடியாமைக்கு வருந்துகிறோம்’ எண்ட மாதிரி ஒரு மின்னஞ்சல். இந்த வருசம் அவளுக்கு வந்த பன்னிரண்டாவது. “உனக்குப் பன்னிரண்டு பேராவது பதில் போட்டிருக்கினம், எனக்கு அதுவும் இல்லை” என்றான் பக்கத்தில் இருந்தவன். எல்லாரும் சிரித்தோம். பிறகு ஒருவரும் சிரிக்கேல்லை.

படத்தை விட்டுவிட்டு ஒருவரின் லிங்க்ட்இன் பக்கத்தை இன்னொருவர் சத்தமாக வாசிக்கத் தொடங்கினோம். ஒன்பதில் ஆறு பக்கம் ஒரே பக்கம்தான். பெயரையும் படத்தையும் மாற்றிப் போட்டால் வீட்டுக்காரருக்கே வித்தியாசம் தெரியாது. தலைப்பு வரியில் ‘பட்டப்படிப்பு மாணவர்’ அல்லது ‘வாய்ப்புகளைத் தேடுகிறேன்’. அறிமுகத்தில் கடின உழைப்பாளி, குழுவோடு சேர்ந்து இயங்கக் கூடியவர், புதியதைக் கற்க ஆர்வமுள்ளவர். எல்லாம் ஆங்கிலத்தில், எல்லாம் எங்கேயோ இருந்து எடுத்து ஒட்டினது. சோம்பேறி, ஒருவரோடும் ஒத்துப்போகாதவர், கற்க விருப்பமில்லாதவர் எண்டு ஆராவது எழுதுவினமா? அப்படி ஒருவரும் எழுத மாட்டினம் எண்டால், நாங்கள் எழுதினதுக்கும் பெறுமதி இல்லை.

மற்றப் பக்கத்தில் இருந்து பாருங்கோ. ஆள் எடுக்கிற ஒருவர் எங்களுடைய பக்கத்துக்கு நேரே வருவதில்லை. அவர் தேடுபெட்டியில் சொற்களைப் போடுகிறார்: பதவியின் பெயர், தேவையான திறன், மென்பொருளின் பெயர், இடம். வருகிற பட்டியலில் அவருக்குத் தெரிவது எங்களுடைய படம், பெயர், தலைப்பு வரி, இடம், இப்போதைய வேலை. அந்தச் சில வரியை வைத்துத்தான் உள்ளே போவதா, அடுத்த ஆளைப் பார்ப்பதா எண்டு முடிவெடுக்கிறார். ‘வாய்ப்புகளைத் தேடுகிறேன்’ எண்ட சொற்களைப் போட்டு உலகத்தில் ஒருவரும் ஆள் தேடுவதில்லை. தலைப்பு வரிக்கு லிங்க்ட்இன் 220 எழுத்து தருகிறது. அந்த இடம் முழுவதையும் நாங்கள் ‘தேடுகிறேன்’ எண்டு சொல்லவே செலவழிக்கிறம். எதைத் தேடுறம், என்ன செய்யத் தெரியும் எண்டு சொல்ல இடமில்லாமல் போகுது.

சரி, திருத்தலாம் எண்டு தொடங்கினோம். அப்பதான் உண்மையான சிக்கல் வெளியில் வந்தது.

பன்னிரண்டு மின்னஞ்சல் வந்தவளிடம், “நீ என்னடி செய்திருக்கிறாய், சொல்லு, எழுதுவம்” என்று கேட்டோம். “ஒண்டும் செய்யேல்லை. வணிகமாணிப் பட்டம் மட்டும்தான்” என்றாள். வேலை அனுபவம் எண்ட பகுதி அவளுடைய பக்கத்தில் வெறுமையாகவே கிடந்தது. ஆனால் அவளுடைய அம்மா ஊரில் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் பொருளாளர் எண்டு எங்களுக்குத் தெரியும். சங்கக் கணக்கை உண்மையில் ஆர் பார்ப்பது? நாலு வருசமாக அவள்தான். 64 அங்கத்தவர். சுழற்சிக் கடன். ஒவ்வொரு மாதமும் ஆர் எவ்வளவு கட்டினது, ஆருக்கு நிலுவை, வட்டி எவ்வளவு எண்டு முதலில் கொப்பியில் எழுதி, பிறகு இரவல் மடிகணினியில் எக்செல் கோப்பாக மாற்றினவள். ஒருமுறை வங்கிக் கணக்கும் சங்கக் கணக்கும் ஒத்துவராமல் போக, இரண்டு இரவு இருந்து எட்டு மாதத்துக்கு முன்னால் இரண்டு தடவை பதிந்த ஒரு தொகையைக் கண்டுபிடித்தவளும் இவள்தான்.

“இதை ஏன் போடேல்லை?”

“அது சும்மா அம்மாவுக்கு உதவிக்குச் செய்தது. அதை எப்பிடி வேலை எண்டு போடுறது? காசும் தரேல்லை, கடிதமும் தரேல்லை.”

இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்தப் பதில்தான். கணக்குப் பதிவு, வங்கிக் கணக்கு இணக்கம், கடன் நிலுவைப் பதிவேடு, எக்செல் எல்லாமே ஒரு கணக்கு உதவியாளரைத் தேடுகிறவர் தேடுபெட்டியில் போடக்கூடிய சொற்கள். எல்லாம் அவளிடம் இருக்கு. ஆனால் ஒருவர் கடிதத் தலைப்பில் எழுதி, முத்திரை குத்தி, கையெழுத்து வைத்துத் தந்தால்தான் அது வேலை எண்டு நாங்கள் வளர்ந்திருக்கிறம். அரசாங்க உத்தியோகம்தான் உத்தியோகம் எண்டு சொல்லித்தந்த வீடுகளில் இருந்து வந்த பழக்கம் இது. 2017இல் வேலையற்ற பட்டதாரிகள் வடக்கிலும் கிழக்கிலும் மாதக்கணக்கில் தெருவோரத்தில் இருந்து போராடினதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அவர்களுடைய கோரிக்கை நியாயம். ஆனால் நியமனக் கடிதம் வரும் வரைக்கும் செய்ததெல்லாம் கணக்கில் இல்லை எண்ட எண்ணமும் எங்களுக்குள் அப்படியே இறங்கிவிட்டது.

இதோடு தற்பெருமைப் பயம் வேறு. ‘தன்னைத் தானே புகழுறாள்’ எண்டு சனம் சொல்லும் எண்டு அவள் உண்மையாகவே பயந்தாள். செய்ததைச் செய்தது எண்டு சொல்வது புகழ்ச்சி இல்லை என்பதே எங்களுடைய கருத்து. ‘நான் கணக்கில் கெட்டிக்காரி’ எண்டால் அது புகழ்ச்சி. ‘64 பேரின் கடன் கணக்கை நாலு வருசம் பராமரித்தேன்’ எண்டால் அது தகவல். முதலாவதை நம்பத்தான் வேணும். இரண்டாவதைப் பற்றிக் கேள்வி கேட்கலாம், கேட்டால் பதிலும் இருக்கு.

அண்டைக்கு இருந்து அவளுடைய பக்கத்தைத் திருத்தினோம். அனுபவம் பகுதியில் ‘தன்னார்வக் கணக்காளர்’ எண்டு பெயர், சங்கத்தின் பெயர், வருசங்கள், கீழே மூன்று வரி. சம்பளம் இல்லாத வேலை எண்டதை மறைக்கேல்லை. தலைப்பு வரியில் கணக்குப் பதிவு, வங்கி இணக்கம், எக்செல், வணிகமாணி. அறிமுகத்துக்கு 2,600 எழுத்து வரை இடம் இருந்தாலும், அழுத்தித் திறக்காமல் தெரிவது முதல் சில வரிதான். அதனால் அந்த இரண்டு இரவுக் கதையை முதல் வரியிலேயே வைத்தோம்.

ஹட்டன் பக்கத்தில் இருந்து வந்த தம்பி ஒருவர் இன்னும் ஒருபடி மேலே போயிருந்தார். ஏ.எல். முடித்து கம்பஸ் கிடைக்கும் வரைக்கும் புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் நின்றிருக்கிறார். சரக்கு வரவு, பில், கடன் வாங்கினவர்களுக்குப் போன் எடுக்கிறது எல்லாம் அவர்தான். சிங்களம் சரளமாக வந்தது அங்கேதான். பக்கத்தில் அந்தக் காலம் முழுவதும் இல்லை. “அண்ணே, கடையில நின்னேன்னு போட்டா என்னைய எப்படிப் பாப்பாங்க?” என்று கேட்டார். பதில் சொல்ல எங்களுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஏனெண்டால் அவர் பயப்படுவது சும்மா இல்லை. அப்படிப் பார்க்கிற ஆட்கள் இருக்கினம், எங்களுக்குள்ளும் இருக்கினம். ஆனால் அவர் விண்ணப்பிப்பது விநியோகத் துறை வேலைகளுக்கு. கடையில் நின்ற அந்த இரண்டு வருசத்தை எடுத்துவிட்டால் அவரிடம் மிச்சம் இருப்பது எல்லாரிடமும் இருக்கிற அதே பட்டம்தான். போடுவதா விடுவதா எண்டு அவர் இன்னும் முடிவெடுக்கேல்லை. அது அவருடைய பக்கம், அவருடைய முடிவு.

ஏ.எல். பெறுபேற்றுக்கும் கம்பஸுக்கும் இடையில் காத்திருந்த காலம், கொரோனாக் காலம், 2022இல் பெற்றோல் வரிசையோடு போன மாதங்கள், அப்பம்மாவைப் பார்க்க வீட்டில் நின்ற வருசம் எண்டு எங்கள் எல்லாருக்கும் ஏதோ ஒரு இடைவெளி இருக்கு. வெளிநாட்டில் இருந்து பார்க்கிறவருக்கு இதெல்லாம் விளங்காது. 2022இல் லிங்க்ட்இன் தொழில் இடைவேளையைக் காரணத்தோடு பதியும் வசதியைக் கொண்டுவந்தது. பராமரிப்புப் பொறுப்பும் அந்தக் காரணங்களில் ஒன்று. ஒரு வரி போதும். வெறுமையாக விட்டால் வாசிக்கிறவர் தன்பாட்டில் ஒரு கதை கட்டுவார்.

இப்ப எங்களை நாங்களே வெட்கப்பட்ட இடத்துக்கு வாறம். மொழிகள் எண்டு ஒரு பகுதி இருக்கு. ஒன்பது பேரில் நாலு பேர் அங்கே ஆங்கிலம் மட்டும் போட்டிருந்தோம். தமிழ் இல்லை! கேட்டால், “தமிழ் தெரியும் எண்டது தெரிஞ்ச விசயம்தானே.” ஆருக்குத் தெரிஞ்ச விசயம்? கொழும்பில் வங்கி, தொலைத்தொடர்பு நிறுவனம், சர்வதேசத் தொண்டு நிறுவனம் எண்டு ஒவ்வொரு இடத்திலும் தமிழில் கதைக்க, எழுத, மொழிபெயர்க்க ஆள் தேவை. தமிழ் இந்த நாட்டின் அரச கரும மொழி எண்டு 1987இன் 13ஆவது திருத்தத்தில் எழுதியிருக்கு. அது நடைமுறையில் இல்லாததுக்கு ஆளில்லை எண்டுதான் அடிக்கடி காரணம் சொல்லுகினம். இந்தப் பக்கம் பார்த்தால் நாங்களே எங்களைப் பட்டியலில் இருந்து எடுத்து வைச்சிருக்கிறம். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் தெரிந்த அந்த ஹட்டன் தம்பி மொழிகள் பகுதியையே திறக்கேல்லை. அங்கே தாய்மொழி அளவு, தொழில் அளவு, அடிப்படை அளவு எண்டு மட்டங்கள் இருக்கு. சிங்களம் அரைகுறை எண்டால் அரைகுறை எண்டே போடலாம். அதுவும் தகவல்தான்.

பெயரிலும் ஒரு கூத்து இருக்கு. லிங்க்ட்இன் முதற்பெயர், கடைசிப்பெயர் எண்டு கேட்குது. எங்களுக்கு அப்பாவின் பெயர் முன்னுக்கு, எங்கள் பெயர் பின்னுக்கு. ஒருவர் அடையாள அட்டையில் இருக்கிற மாதிரியே போட்டுவிட்டதால், கொழும்பில் இருந்து எடுத்தவர் அழைப்பு முழுக்க அவரை அப்பாவின் பெயரைச் சொல்லியே கூப்பிட்டிருக்கிறார். சான்றிதழில் ஒரு எழுத்துக்கூட்டல், மின்னஞ்சலில் இன்னொன்று, பக்கத்தில் மூன்றாவது எண்டு இருந்தால் தேடுகிறவர் கண்டுபிடிக்கவே மாட்டார். கூப்பிட வேண்டிய பெயரை முதற்பெயரில் போட்டு, எல்லா இடத்திலும் ஒரே எழுத்துக்கூட்டலை வையுங்கோ. போன் செயலியில் பெயரை உச்சரித்துப் பத்து செக்கன் வரை பதிந்து வைக்கலாம். ‘ழ’ வருகிற பெயர்க்காரர் எல்லாரும் அண்டைக்கே பதிந்தோம்.

இவ்வளவும் சொன்ன பிறகு, எங்களில் ஒருவர் தொடக்கத்தில் இருந்தே சொன்ன எதிர்ப்பையும் எழுதத்தான் வேணும். 2016இல் மைக்ரோசொஃப்ட் 26.2 பில்லியன் டொலருக்கு வாங்கின ஒரு கம்பனிக்கு நாங்கள் ஏன் எங்களை அலங்கரித்துக் கொடுக்க வேணும்? வேலை இல்லாததற்குக் காரணம் எங்கள் பக்கம் வடிவில்லாததா, இந்த நாட்டின் பொருளாதாரமா? கேள்வி சரி. பக்கத்தைத் திருத்தினால் வேலை கிடைக்கும் எண்டு காசு வாங்கி வகுப்பு எடுக்கிறவர்களை நாங்களும் நம்பவில்லை. ஆனால் கம்பனியில் சித்தப்பா இருக்கிறவருக்கு இந்தப் பக்கம் தேவையே இல்லை. அவருடைய சீவி நேராக மேசைக்குப் போகும். சித்தப்பா இல்லாத எங்களுக்குத்தான் இது தேவை. அதற்காக, நாலு வீடியோ பார்த்ததை ‘நிபுணத்துவம்’ எண்டு போடுவதையோ, விடியக்காலை நாலு மணிக்கு எழும்பின கதையைப் பதிவாகப் போட்டுக் கைதட்டல் வாங்குவதையோ நாங்கள் சொல்லேல்லை. திறன்கள் பகுதியில் நூறு வரை சேர்க்கலாம் எண்டதற்காக நூறையும் நிரப்பின ஒருவர் எங்களிடமே இருந்தார். நேர்முகத்தில் கேட்டால் பத்து நிமிசம் கதைக்கக் கூடியதை மட்டும் விடச்சொன்னோம். பதினொன்று மிஞ்சியது.

இன்னுமொரு விசயம், இது பகிடி இல்லை. பக்கம் நல்லா வந்தால் நல்ல ஆட்கள் மட்டும் வர மாட்டினம். தாய்லாந்தில் கணினி வேலை எண்டு இலங்கையில் இருந்து கூட்டிப்போன எத்தனையோ பேர் மியன்மாரின் மியாவடிப் பக்கத்து இணைய மோசடி முகாம்களில் அடைபட்டுக் கிடந்து மீட்கப்பட்டவர்கள். அடையாள அட்டை இலக்கம், வீட்டு முகவரி, பிறந்த திகதி எதையும் பக்கத்தில் போடாதேங்கோ. வேலை தர முன்னம் காசு கேட்டால், அல்லது சுற்றுலா வீசாவில் வரச்சொன்னால், அந்தக் கதையை அங்கேயே நிப்பாட்டுங்கோ. வெளிநாட்டு வேலை எண்டால் முகவருக்கு அனுமதிப்பத்திரம் இருக்கா எண்டு இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்திடம் கேட்டுப் பாருங்கோ. ஏற்கெனவே ஒரு இடத்தில் வேலை செய்கிறவர் எண்டால், படத்தைச் சுற்றி வருகிற அந்தப் பச்சை வளையத்தைப் போடாமல், ஆள் எடுப்பவர்களுக்கு மட்டும் தெரியும் தெரிவைப் போடலாம். ஆனால் உங்களுடைய கம்பனிக்குத் தெரியவே தெரியாது எண்டு லிங்க்ட்இன்கூட உத்தரவாதம் தருவதில்லை.

கணக்குப் பார்த்தவளுக்குத் திருத்தி மூன்றாம் கிழமை ஒரு செய்தி வந்தது. ஒரு சிறுகடன் நிறுவனம். சங்கத்தில் நிலுவைக்காரரை எப்படிக் கையாண்டீர்கள் எண்டு கேட்டு எழுதியிருந்தார்கள். சிறுகடன் கம்பனி எண்டதும் எங்களுக்குள் பெரிய சண்டை. அந்தக் கடனால் எங்கள் ஊர்ப் பெண்கள் பட்ட பாடு அவளுக்கும் தெரியும். போவதா விடுவதா எண்டு அவள் இன்னும் யோசிக்கிறாள். அம்மாவிடம் காட்டினதாம். அம்மா முதலில் கேட்டது, “சங்கத்தின்ரை பேரைப் போட ஆரிட்டைக் கேட்டனி?” எண்டுதான். பிறகு போனை வாங்கி இன்னொருக்கா வாசித்தவவாம்.

அடுத்த சனிக்கிழமையும் பின்னேரம் நாலரைக்குக் கூடுறம். உங்கடை பக்கத்தோடை வாங்கோ. மிக்சர் நாங்கள் கொண்டு வாறம்.