பிறப்புச் சான்று மட்டும் போதுமா?

பழைய கார் விற்கிறவர்கள் இப்போது ஒரு வித்தை கற்றுக்கொண்டிருக்கிறார்கள். "சார், தொழிற்சாலைப் பதிவேட்டில் இந்த எண் இருக்கிறது, கம்பெனியே சான்று கொடுத்திருக்கிறது, ஆகவே வண்டி அசல்" என்கிறார்கள். வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு விளம்பரம் எனக்கும் வந்தது. கீழே பத்துப் பேர் கை தட்டியிருந்தார்கள். உத்தியோக காலம் முழுவதும் பதிவேடுகளோடு குடித்தனம் நடத்தியவன் நான். பதிவேட்டை மதிக்கிறவன்தான் இதை உரக்க மறுக்க வேண்டும்.

நம் ஊரில் 'எத்தா சிவில்' தெரியாத பழைய குடும்பம் உண்டா? குழந்தை பிறந்ததும் ஒரு பக்கத்தில் எழுதுவார்கள். வேலை அதோடு முடியாது. பிரெஞ்சுச் சட்டப்படி 1897 முதல், திருமணம் நடந்தால் அதைப் பிறப்புப் பதிவின் ஓரத்திலேயே குறிக்க வேண்டும். விவாகரத்தும் அந்த ஓரத்துக்குத்தான் வரும். 'மான்சியோன் மார்ழினால்' என்று எங்கள் வாத்தியார் சொல்லிக் கொடுத்தது இன்னும் காதில் இருக்கிறது. பெண் பார்க்க வருகிறவர் பையனின் பிறப்புப் பதிவை மட்டும் பார்த்து, ஓரத்தைப் பார்க்காமல் போனால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை!

தொழிற்சாலைப் பதிவேடு காரின் பிறப்புப் பதிவு. அடிச்சட்ட எண், என்ஜின் எண், வாசலைத் தாண்டிய தேதி, வாங்கியவர் அல்லது ஏஜெண்டின் பெயர், இவ்வளவுதான் பெரும்பாலும் இருக்கும். 1920களின் பெண்ட்லி என்றால் அதுவும் குறைவு. லண்டன் கிரிக்கில்வுட் தொழிற்சாலை அடிச்சட்டத்தையும் என்ஜினையும் செய்து கொடுக்கும். மேலே உட்காரும் கூண்டை வேறொரு பட்டறை கட்டும். வண்டியில் பாதி அந்தத் தொழிற்சாலையில் பிறக்கவே இல்லை. அப்புறம் அதன் காகிதம் எப்படி முழு வண்டிக்கும் ஜவாப்தாரி ஆகும்?

அல்சாஸ் மாகாணத்தில் மொல்சைம் என்ற ஊர். அங்கே எத்தோர் புகாத்தி ராஜாக்களுக்கென்று 'ரொயால்' என்ற காரைச் செய்தார். என்ஜின் மட்டும் 12.7 லிட்டர். 25 வண்டி விற்கலாம் என்பது கணக்கு. செய்தது 6, வெளியாருக்கு விற்றது 3. (மிஞ்சிய என்ஜின்களை ரயிலுக்குப் போட்டுப் பிழைத்துக்கொண்டார். ராஜாக்களைவிட ரயில்வே நல்ல வாடிக்கைக்காரன்.) அந்த மூன்றில் ஒன்றை 1932ல் வாங்கியவர் அர்மான் எஸ்தேர்ஸ் என்ற ஆயத்த ஆடை வியாபாரி. எண் 41111. இரவில் ஓட்டப் போவதில்லை, முன்விளக்கே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். புகாத்தியின் மகன் ழான் அதற்கு ஒரு திறந்த கூண்டு வரைந்தார். கொள்ளை அழகு.

சில வருடங்களில் வண்டி கை மாறியது. புதியவர் அந்தக் கூண்டைக் கழற்றிவிட்டு, ஆன்றி பிந்தேர் பட்டறையில் வேறு மூடிய கூண்டு கட்டிக்கொண்டார். 41111 என்ற எண்ணுள்ள வண்டி இன்றும் அந்தக் கூண்டோடுதான் இருக்கிறது. ஆனால் மியூலூஸ் நகர அருங்காட்சியகத்துக்குப் போனால், விளக்கில்லாத எஸ்தேர்ஸ் கார் அப்படியே நிற்கும். அது பிற்காலத்தில் செய்த நகல். நகல் என்றே அவர்கள் சொல்கிறார்கள். அந்த நேர்மைக்கு ஒரு கும்பிடு. பிறப்புப் பதிவில் உள்ள முகம் நகலிடம் இருக்கிறது. வாழ்ந்த வாழ்க்கை வேறு முகத்தோடு இருக்கிறது. ஓரக் குறிப்பு இல்லாவிட்டால் இரண்டில் எதை அசல் என்பீர்கள்?

ஜாகுவார் கதை இதைவிட வேடிக்கை. 1963ல் பந்தயத்துக்கென்று எடை குறைந்த இ-டைப் கார்கள் 18 செய்யத் திட்டமிட்டு எண்கள் ஒதுக்கினார்கள். 12 தான் செய்தார்கள். மிச்சம் 6 எண்கள் அப்படியே கிடந்தன. 2014ல் அதே கம்பெனி அந்த 6 எண்களை எடுத்து, 6 புது வண்டிகளைச் செய்து விற்க ஆரம்பித்தது. ஒளிவுமறைவு இல்லை, அறிவித்துவிட்டுத்தான் செய்தார்கள். ஆனாலும் யோசியுங்கள். 1963ம் வருடத்து எண், ஐம்பது வருடம் கழித்துப் பிறந்த குழந்தை! எங்கள் ஆபீசில் ஒரு குமாஸ்தா இப்படிச் செய்திருந்தால் மறுநாளே சஸ்பென்ஷன்.

"அப்படியானால் ஒவ்வொரு திருகாணியும் பழசாக இருக்க வேண்டும் என்கிறீர்களா?" என்று ஒரு தம்பி கேட்டார். இல்லவே இல்லை. அந்தக் கட்சியும் எனக்கு ஆகாது. லண்டன் ஹைகோர்ட்டில் 1990ல் நடந்த ஒரு வழக்கைப் பாருங்கள். 1929, 1930 இரண்டு வருடமும் லெ மான் 24 மணிப் பந்தயத்தில் ஜெயித்த பெண்ட்லிக்கு 'ஓல்டு நம்பர் ஒன்' என்று பெயர். ஒரு கோடி பவுனுக்கு விலை பேசி முடித்த பிறகு, வாங்கியவர்கள் பின்வாங்கினார்கள். இது அந்த வண்டியே இல்லை என்பது அவர்கள் வாதம். வாதத்தில் சாரம் இல்லாமலும் இல்லை. பந்தயத்துக்குப் பந்தயம் பாகங்களை மாற்றியிருக்கிறார்கள். பிறகு 8 லிட்டர் என்ஜின் போட்டார்கள். 1932ல் புரூக்லாண்ட்ஸ் ஓடுதளத்தில் விபத்தாகி, ஓட்டிய கிளைவ் டன்ஃபீ இறந்தார். அதற்கப்புறம் வேறு கூண்டு. 1929ல் லெ மானில் ஓடிய உலோகத்தில் மிச்சம் என்று சொல்ல ஏறக்குறைய ஒன்றுமில்லை.

நீதிபதி ஆட்டன் என்ன செய்தார்? எந்த வருடம் எந்தப் பாகம் போய் எந்தப் பாகம் வந்தது என்று சாட்சியங்களை வரிசையாகப் பார்த்தார். அந்தக் காரின் வாழ்க்கை நடுவில் அறுபடவில்லை, அந்தப் பெயருக்கு வேறு வண்டி போட்டிக்கும் இல்லை. 'ஒரிஜினல்' என்ற சொல் பொருந்தாது, ஆனால் ஓல்டு நம்பர் ஒன் என்ற பெயருக்கு இதுதான் உரிய வண்டி என்று தீர்ப்பளித்தார். விற்றவர் ஜெயித்தார். அவரை ஜெயிக்க வைத்தது ஓரக் குறிப்புகள். மாற்றம் நடந்தது குற்றமில்லை. அதை எழுதி வைக்காததும், எழுதியதை மறைப்பதும்தான் குற்றம்.

இங்கேதான் நம் நாட்டு விதியின் மேல் எனக்குக் கோபம். 2021 ஜூலையில் மத்திய அரசு, 50 வருடம் தாண்டிய பழைய வாகனங்களுக்குத் தனிப் பதிவு கொண்டு வந்தது. எண்ணில் 'விஏ' என்ற எழுத்து வரும், புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். நல்ல விஷயம். ஆனால் வண்டி அசல் வடிவத்தில் இருக்க வேண்டும், அடிச்சட்டத்திலோ கூண்டிலோ என்ஜினிலோ பெரிய மாறுதல் கூடாது என்கிறது விதி. கறாராகப் படித்தால் 41111ம் தேறாது, ஓல்டு நம்பர் ஒன்னும் தேறாது. உண்மையைச் சொன்னால் பதிவு கிடைக்காது என்றால் ஜனங்கள் என்ன செய்வார்கள்? என்ஜின் மாறியதைச் சொல்ல மாட்டார்கள். எண்ணை ராவிவிட்டுப் பழைய எண்ணைக் குத்தித் தரும் கைகளுக்கா பஞ்சம்? எந்தப் பாகம் எப்போது மாறியது என்று கேட்டு, பதிவுப் புத்தகத்திலேயே எழுதிக்கொள்ளட்டுமே. மாற்றத்தைத் தண்டிக்காமல் பதிவு செய்தால் பாதிப் பொய் குறைந்துவிடும்.

பிரான்சில் சில மாவட்ட ஆவணக் காப்பகங்களில் பழைய வாகனப் பதிவு ரெஜிஸ்தர்கள் இருக்கின்றன. ஒரு புகாத்தியின் சொந்தக்காரர்களைத் தேடுகிறவர்கள் தொழிற்சாலைப் புத்தகத்தோடு நிற்காமல் அங்கேயும் போய் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் புரட்டுகிறார்கள். ஊர் விட்டு ஊர் போன வண்டியின் தடம் அந்த வரிகளில்தான் கிடைக்கிறது. நம் பக்கத்தில் கதை வேறு. நான் வேலை பார்த்த நாளில் ஓர் அலுவலகத்தில் இப்படிப்பட்ட ரெஜிஸ்தர்களை மூட்டை கட்டி எடைக்குப் போட்டதைக் கண்ணால் பார்த்தேன். கரையான் தின்றது போக மிச்சம் கிலோ கணக்கில் போனது. யார் யாரிடமிருந்து வாங்கினார், எந்த நாளில், எந்த எண், எல்லாம் போயிற்று. அந்த வண்டிகளுக்கு இனிமேல் யார் என்ன கதை சொன்னாலும் மறுக்க ஆளில்லை.

பழைய கார் வாங்கும் ஆசையுள்ளவர்கள் கம்பெனிச் சான்றை வாங்கி மேஜைமேல் வைத்துவிட்டு, இரண்டாவது சொந்தக்காரர் யார் என்று கேளுங்கள். மூன்றாவது யார்? பட்டறை பில் எங்கே? விபத்து நடந்ததா, இன்ஷூரன்ஸ் காகிதம் உண்டா? பழைய புகைப்படத்தில் நம்பர் பிளேட் தெரிகிறதா? போக்குவரத்துத் துறைக்காரர்களும் மிச்சமிருக்கும் பழைய ரெஜிஸ்தர்களை எடைக்குப் போடுவதற்கு முன் ஒரு ஸ்கேனர் வாங்கட்டும். ஆள் இல்லை என்றால், பென்ஷன் வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும் என் மாதிரி ஆட்கள் இந்த ஊரில் நிறைய இருக்கிறோம். பழைய கையெழுத்து எங்களுக்குப் படிக்க வரும்.