பனிக்கட்டிக்குக் கட்டிய வீடு

முத்தாபுதுப்பேட்டையில் எங்கள் தெருவின் கடைசி ஓட்டு வீட்டைப் போன மாதம் இடித்தார்கள். ஒரே பகல் வேலை. "பழசை வெச்சு என்னங்க பண்றது?" என்றார் மேஸ்திரி.

அவரை மெரினாவுக்கு அழைத்துப்போய் விவேகானந்தர் இல்லத்தைக் காட்ட வேண்டும். 1842இல் அது வீடே இல்லை. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டிக்கான கிடங்கு. அந்த உருண்டை உடம்பு அதனால்தான். இங்கேயே ஐஸ் செய்யத் தொடங்கியதும் வியாபாரம் படுத்தது. பிறகு வாங்கிய வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் தாழ்வாரமும் ஜன்னல்களும் வைத்துக் குடியிருப்பாக்கினார். வெயிலையே அண்டவிடாத சுவரில் கடற்காற்றுக்கு வழி! 1897இல் விவேகானந்தர் அங்கே ஒன்பது நாள் தங்கினார். இடித்திருந்தால் எங்கே தங்கியிருப்பார்?

எங்கள் தெரு வீட்டில் ஒரு படிப்பகமாவது வைத்திருக்கலாம். தேக்குத் தூண்களை யாரோ வண்டியில் ஏற்றிப்போனார்கள். வழவழத்த திண்ணைக் கல்மேல் இப்போது சிமெண்ட் குழைக்கிறார்கள்.